மீன்வாடை அடித்த முட்டைகள்

தொண்ணூற்றேழில்
சிலி நாட்டுத் தல்காவானோ துறைமுகத்தில்
எங்கள் தெருப் பிள்ளைகள்
ஆளுக்கொரு முட்டை வளர்த்தோம்.

பிளாஸ்டிக் முட்டை. சாவிக்கொத்துச் சங்கிலி.
தபால்தலை அளவு திரை,
கீழே மூன்று பொத்தான்.
உள்ளே கறுப்புப் புள்ளிகளாலான ஒரு ஜீவன்
பசித்தால் கீச்சென்றது
படுக்கையை நாறடித்துவிட்டுக் கீச்சென்றது
ஒன்றுமே இல்லாமலும் கீச்சென்றது.

மார்ஜோரியுடையது அசல் ஜப்பான்.
அவள் அப்பாவுக்குக் கப்பலில் சமையல் வேலை.
என்னுடையது சனிக்கிழமைச் சந்தையில்
காலுறைக்கும் பற்பசைக்கும் நடுவே கிடந்தது.
ஊதா நிறம்.
கோழிக்குஞ்சு என்று சத்தியம் செய்தான் விற்றவன்.
பொரிந்து வந்ததோ டைனோசர்.
குறிப்புத்தாள் முழுக்கச் சீன எழுத்து.
எந்தப் பொத்தான் சாப்பாடு, எது ஊசி என்பதை
மூன்று தடவை சாகவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

கணக்கு வகுப்பில்
அத்தனையும் ஒருசேரக் கத்திய அன்று
ஆசிரியை எல்லாவற்றையும் பிடுங்கி
பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.
வெள்ளிக்கிழமை திறந்தபோது
டப்பா நிறையச் சாவு.
நிபால்டோ தேம்பித் தேம்பி அழுதான்,
மீசை அரும்பத் தொடங்கியிருந்தது அவனுக்கு.

"காலையில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்"
என்றாள் அம்மா.

ஓரியேத்தா,
மீன் அடைக்கும் ஆலையில் மூன்றாம் மேசை.
ஏப்ரன் பையில் பதினோரு முட்டைகள்.
தலை வேறு வால் வேறு என்று வெட்டிக்கொண்டே
ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில்
செதில் ஒட்டிய கட்டைவிரலால்
ஊட்டினாள், கழுவினாள், விளக்கணைத்துத் தூங்க வைத்தாள்.
இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்று
மேஸ்திரி இரண்டு நாள்
ஸ்பானரோடு சுற்றினாராம்.
மேசைப் பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு வாசலில் வரிசை நிற்போம்.
"உன்னுடையதற்குக் காய்ச்சல், ஊசி போட்டாயிற்று.
உன்னுடையது பெருந்தீனி, நிபால்டோ,
கொஞ்சம் விளையாட்டுக் காட்டு.
மார்ஜோரி, இது ஏன் சிரிக்கவே மாட்டேன் என்கிறது?"
கடைசியாக என்னுடையது.
"நல்லாயிருக்கு" என்ற ஒரு சொல்லோடு.

எனக்குக் காய்ச்சலா என்று
ஒருநாளாவது கேட்டிருக்கிறாளா?
பொறாமையில் அன்றிரவு
டைனோசருக்கு வேண்டுமென்றே சாப்பாடு போடவில்லை.
காலையில் பார்த்தால்
வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

சோப்பு போட்டுத் துடைத்தாலும்
முட்டைகளில் மீன்வாடை போகாது.
எங்கள் கைகளிலும்.
ஆசிரியை வரிசை வரிசையாக நடந்து
மூக்கைச் சுளிப்பாள்,
காரணம் பிடிபடாது.

அடுத்த குளிர்காலம் மீன் வரவில்லை.
கடல் சூடாகிவிட்டது என்றார்கள்.
ஆலைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்.
அதற்குள் பிள்ளைகள்
பந்தாட்டக்காரர் ஸ்டிக்கருக்கு மாறியிருந்தோம்.
இறந்தவற்றை யாரும் திரும்ப உயிர்ப்பிக்கவில்லை.

ஓர் இரவு கீச்சொலி கேட்டு எழுந்தேன்.
அணைந்த அடுப்பருகே அம்மா
என் ஊதா முட்டையைத்
தெருவிளக்கு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.
எங்களுக்கு அன்று தேநீரும் ரொட்டியும்.
அவள் பொத்தானை அழுத்த
டைனோசருக்கு முழுசாக ஒரு இறைச்சித் துண்டு வந்தது.
இன்னொன்று.
இன்னொன்று.
போதும் என்று அது தலையாட்டிய பிறகும்
அழுத்திக்கொண்டே இருந்தாள்.
நான் கூப்பிடவில்லை.

போன வாரம் தொலைபேசியில்,
ஏதோ பேச்சில் அது வந்தது.
அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.
நிபால்டோவுடையது முப்பத்தொரு நாள்.
அசல் ஜப்பான்தான் முதலில் போயிற்று,
பாவம், ஒன்பதே நாள்.
"உன்னுடையதுதான் யாஸ்னா, கெட்டி உயிர்"
என்று சிரிக்கிறாள்.

அந்தக் குளிர்காலம்
நீ என்ன சாப்பிட்டாய் அம்மா என்றேன்.

யாருக்கு ஞாபகம் இருக்கிறது,
என்கிறாள்.